நோட்டீஸில் விட்டுவைத்த இடம்

கஸ்தூரிரங்கனுக்கு எதையும் ஆரம்பிக்கத் தெரியாது. ஆனால் 'ஆரம்பம்' என்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை, ஒவ்வொன்றும் எந்தச் சீமையில் பிறந்து யார் வாயில் புரண்டு வந்தது என்று கேட்டால் போதும், கையில் இருக்கும் காபி ஆறி ஏடு படிகிறவரை சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். அவர் மனைவி வேதா பத்தொன்பது வருஷமாக ஒன்றும் கேட்காமலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிலும் 'ஸ்டார்ட்' என்கிற வார்த்தைமேல் மனுஷருக்குத் தனிப் பித்து. அஸ்தினாபுரத்தில் அந்தத் தெருவில் அவரிடம் அகப்படாத ஆள் கிடையாது. ஒருநாள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் தெரியாத்தனமாக, "வண்டி ஸ்டார்ட் ஆவல சார், அதான் லேட்டு" என்று சொல்லிவிட்டான். வந்தது வினை.

"ஸ்டார்ட்டுங்கறது ஆரம்பம்னு பொறந்த வார்த்தையே இல்லை, தெரியுமோ?" என்று பிடித்துக்கொண்டார். "துள்ளறது, திடுக்குனு குதிக்கறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அதுக்கு அதுதான் அர்த்தம். வேட்டைக்காரன் புதர்ல பதுங்கின முயலைக் கிளப்பினான்னா ஸ்டார்ட் பண்ணினான்னு சொல்லுவா. அப்புறம் பந்தயத்துல ஓடறவன் கோட்டுலேர்ந்து கிளம்பறதுக்குப் போச்சு. காரியத்தைத் தொடங்கறதுங்கற அர்த்தம் கடைசியாத்தான் வந்து ஒட்டிண்டது. இதுல வேடிக்கை என்னன்னா, ஜெர்மன் பாஷையில இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கான். அவனுக்கு அர்த்தம், தடால்னு விழறது!"

சிலிண்டர் இன்னும் அவன் தோளிலேயே இருந்தது. பாவம், எங்கே இறக்குவது என்று கேட்கக்கூட இடைவெளி கிடைக்கவில்லை. வேதாதான் உள்ளேயிருந்து வந்து, "நீ இப்படி வைப்பா" என்று காப்பாற்றி அனுப்பினாள்.

இந்த ஆராய்ச்சியோடு அவர் பாட்டுக்கு இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? தினமும் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, பட்டணத்தில் ஒரு ஆபீஸில் பேரேடு புரட்டிவிட்டு, சாயங்காலம் வந்து அகராதி புரட்டட்டுமே. வேதா அதைச் சகித்துக்கொண்டாள். ஆனால் எண்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் அந்தப் பித்து அவளுடைய பிழைப்பிலேயே வந்து கைவைத்தது.

வேதா ஆறு வருஷம் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். இடது கையால் எழுதின ஒரு குழந்தையின் விரல் முட்டியில் கரஸ்பாண்டெண்ட் அம்மாள் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அடித்தாள். இரண்டாம் அடிக்கு ஓங்கின கையை வேதா எட்டிப் பிடித்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அன்றைக்கு அழுதுகொண்டே நடந்து வந்தவள், வீட்டு வாசலை மிதிக்கும்போது முடிவு பண்ணிவிட்டாள். பத்துக் குழந்தைகளோ பதினைந்து குழந்தைகளோ, யாரும் யாரையும் அடிக்காத ஒரு பள்ளிக்கூடம். அது தன்னுடையது.

இடமும் கண்ணெதிரிலேயே இருந்தது. அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு முன்னால் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்திக்கு ஒரு ஷெட். முன்பு மாடு கட்டினது, இப்போது ஆஸ்பெஸ்டாஸ் போட்டுச் சும்மா கிடந்தது. தட்சிணாமூர்த்தி அந்த மண்ணுக்காரர். நெல் விளைந்த வயலை மனை மனையாக விற்று, பெல்ட்டு வைத்த வேட்டி கட்டிக்கொண்டு திரிகிற ஆள். அவரிடம் ஒரு சிமெண்ட் வியாபாரி ஷெட்டை வாடகைக்குக் கேட்டிருந்தார்.

"சிமெண்ட்டு மூட்டை அழுவாதுமா, ஒண்ணுக்குப் போவாது. உன் புள்ளைங்க ரெண்டும் பண்ணும்" என்றார் தட்சிணாமூர்த்தி. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கிவந்தார். "செரி, விஜயதசமி வரிக்கும் டைம் தரேன். அன்னிக்கு சேக்கலன்னா அப்புறம் ஜூன் மாசம்தான் புள்ளைங்கள சேப்பாங்க. பத்து புள்ள வந்து ஒக்காந்து அரிசில எழுதட்டும், ஷெட்டு உனுக்கு. ஒம்போது வந்துதுன்னா மறுநாளே மூட்டை எறங்கிடும். அப்பால எங்கிட்ட வந்து அழக்கூடாது."

பத்துக் குழந்தைகள். வேதாவுக்கு அது பெரிய கணக்காகத் தெரியவில்லை. தெருவுக்கு இரண்டு பேர் தேறினாலே போதும். ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் ஆயிற்று. நோட்டீஸ் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். தமிழில் அடித்தால் இந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் அதில் மிக்சர் மடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். இங்கிலீஷ் என்றால் அர்த்தம் புரியாவிட்டாலும் அலமாரியில் பத்திரமாக வைப்பார்கள். அந்த லட்சணத்தில் இருந்தது ஊர்.

"நோட்டீஸை என்கிட்ட விடு" என்றார் கஸ்தூரிரங்கன். விட்டாள். புத்தி கெட்டுப்போய் விட்டாள்.

பம்மலில் சம்பந்தம் என்பவர் அச்சாபீஸ் வைத்திருந்தார். காலால் மிதிக்கிற டிரெடில் ஒன்று, எழுத்துக் கோக்க ஒரு ஆள், அவ்வளவுதான் ஆபீஸ். விஜயதசமிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே முழு நோட்டீஸையும் கோத்து முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, தேதி, நேரம் எல்லாம் தயார். நடுவில் ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பள்ளிக்கூடம் 'ஆரம்பம்' என்பதற்கு எந்த வார்த்தை போடுவது என்று சார் சொல்ல வேண்டும்.

சார் சொல்லுவாரா? 'ஓப்பனிங்' என்று போட்டார் சம்பந்தம். சாராயக் கடைக்கும் அதைத்தானே போடுகிறார்கள் என்று சார் எடுக்கச் சொன்னார். 'இனாகுரேஷன்' என்று போட்டார்.

"ஐயையோ! ரோமாபுரியில பூசாரி ஆகாசத்தைப் பார்த்துண்டு உட்கார்ந்திருப்பான். பட்சி எந்தப் பக்கமா பறக்கறதுன்னு பார்த்து சகுனம் சொல்லுவான். அதுலேர்ந்து வந்த வார்த்தை அது. குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குச் சகுனமா பார்க்கறது?"

"இங்க காக்காதான் சார் கீது" என்றார் சம்பந்தம், நிஜமாகவே வெளியே எட்டிப் பார்த்து.

'கமென்ஸ்மென்ட்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சுக்காரன் வீட்டில் வளர்ந்ததாம், வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கிறதாம். 'பிகினிங்' நல்ல பிள்ளைதானாம். ஆனால் அதன் வேர் என்ன என்று எந்தப் பண்டிதனும் அடித்துச் சொல்லவில்லையாம். "அப்பன் பேர் தெரியாத வார்த்தையை வெச்சுண்டு ஒரு வித்யாசாலையைத் தொடங்கறதா?" என்றாரே பார்க்கலாம். 'ஸ்டார்ட்' என்று போட்டால் குழந்தைகள் திடுக்கிட்டு ஓடுகிற மாதிரி இருக்குமே என்று அதிலும் ஒரு தயக்கம்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி பம்மலுக்கு சைக்கிள் மிதிப்பார். "இன்னும் ஒருநாள் யோசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். எட்டு நாள் இப்படிப் போயிற்று. இதற்குள் மெயின்ரோட்டில் இருந்த இன்னொரு நர்சரிக்காரர்கள் மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து வீட்டுக்கு வீடு போட்டுவிட்டார்கள். அதில் மூன்று எழுத்துப் பிழை. அதைப் பார்த்து கஸ்தூரிரங்கன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன்னா, எதையாவது ஒண்ணைப் போடுங்கோளேன்" என்றாள் வேதா. "வர்றவா குழந்தையைச் சேர்க்க வர்றா. உங்க வார்த்தைக்குக் குலம் கோத்திரம் விசாரிக்கவா வர்றா?"

"உனக்குப் புரியாது. ஆரம்பமே தப்பாயிடப்படாது."

அவளே ஒருநாள் அச்சாபீஸுக்குப் போய்ப் பார்த்தாள். சம்பந்தம் நெளிந்தார். "சார் ஓகே சொல்லாம மெஷின ஓட்டுனா கோச்சுக்குவாருமா. என் பொண்ணு வேலைக்கு லெட்டரெல்லாம் சார்தான் எழுதித் தந்தாரு. வீட்லயே பேசி முடிச்சிகினு வாங்கம்மா." வேதா பஸ் ஏறித் திரும்பினாள். அன்றைக்கு அவள் சமைக்கவில்லை. கஸ்தூரிரங்கன் தயிரும் அவலும் சாப்பிட்டபடி 'கிக்' போட்டு மோட்டார் கிளப்புவதைப் பற்றி அகராதியில் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஜென்மமோ!

ஆயுத பூஜையும் வந்தது. காலையிலேயே குளித்து நாமம் இட்டுக்கொண்டு, தன்னுடைய நாலு அகராதிகளையும் ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் அடுக்கினார். மேலே பேனாவை வைத்துச் சந்தனம் தொட்டு வைத்தார். மறுநாள் பூஜை முடித்து எடுக்கிறவரை யாரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். புத்தகம் கையில் இல்லாததாலோ என்னவோ, மத்தியானம் மூன்று மணிக்கு மனுஷர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஸ்டார்ட்ஸ்னே போட்டுடலாம் வேதா. எளிமையா இருக்கு. குழந்தைகள்னா துள்ளத்தானே துள்ளும்?"

வேதாவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது. நாலு மணிக்கு ஓட்டினால் ஆறு மணிக்குள் கையில் கிடைக்கும், விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு வீடாகக் கொடுத்துவிடலாம். "ஓடுங்கோ" என்றாள். அவரும் சைக்கிளில் பறந்தார்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு பொரிப் பொட்டலம், ஒரு வாழைப்பழம், நெற்றியில் நாமத்துக்குப் பக்கத்தில் புதுசாகக் குங்குமம்.

"நோட்டீஸ் எங்கே?"

"மெஷினுக்கு மாலை போட்டு வெச்சிருக்கான் வேதா. ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு, வாசல்ல பூசணிக்காய் உடைச்சிருக்கான். இன்னிக்கு ஆயுதத்தைத் தொடமாட்டானாம். நாளைக்குக் காலம்பற பூஜை எடுத்துட்டுத்தான் ஓட்டுவானாம்."

அச்சு மெஷினும் ஆயுதம்தான் என்று இவருக்குத் தோன்றவே இல்லை! தன் அகராதியைக் காலையில் பூஜைக்கு அடுக்கின அதே கை, அதே தலை. ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவன்கூட பம்புக்குப் பொட்டு வைத்து உட்கார வைத்திருக்கிற நாளில், நோட்டீஸ் அடிக்கப் போனவர் பொரி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வேதாவுக்கு வந்த ஆத்திரத்தில் பொட்டலத்தை வாங்கித் தெருவில் வீசியிருப்பாள். சாமி பிரசாதம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மேடைமேல் வைத்தாள். கையால் நாலு நோட்டீஸ் எழுதலாம் என்றால் பேனாவும் பூஜையில். இன்றைக்கு யாரும் எழுதக் கூடாது.

பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? வேதா புடவையை மாற்றிக்கொண்டாள். வாசலில் பூக்காரி சரசு கூடையோடு வந்துகொண்டிருந்தாள். பண்டிகை நாள், எல்லா வீட்டிலும் பூ வாங்குவார்கள், எல்லாக் கதவும் சரசுவுக்குத் திறக்கும். வேதா விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா மாமி நீ, இதுக்குப் போய் கண்ணுல தண்ணி வுட்டுகினு" என்றாள் சரசு. "எந்த வூட்ல மூணு வயசு புள்ள கீது, எது நாலு வயசு, எல்லாம் எனுக்கு அத்துப்படி. வா என்கூட. நோட்டீசாம் நோட்டீசு! அத்த எவன் படிக்கிறான்?"

இருவரும் இறங்கினார்கள். சரசு முழம் அளக்கும்போதே பேச்சைத் தொடங்குவாள். "இந்த மாமி இஸ்கூல் வெக்கிறாங்கோ. அடிக்க மாட்டாங்கோ. ஒருத்தி கொயந்தைய அடிச்சதுக்கு கைய புடிச்சி சண்ட போட்டுட்டு வந்தவங்கோ. நாளிக்கு காலீல எட்டரைக்கு இட்டாந்துடு." அதற்கப்புறம் வேதா குழந்தையிடம் குனிந்து பெயர் கேட்பாள். அவ்வளவுதான் விளம்பரம். மூன்று தெரு முடிவதற்குள் பதினொரு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில் மஞ்சள் நோட்டீஸ் சாமி விளக்குக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. வேதாவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் எட்டரை மணிக்கு ஷெட்டில் பாய் விரித்திருந்தது. தாம்பாளத்தில் பச்சரிசி, மஞ்சள், வெற்றிலை பாக்கு, கிண்ணத்தில் கல்கண்டு. சொன்ன பதினொரு குழந்தைகளும் வந்துவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து விரல் நீட்டி எண்ணினார். ஒன்பது மணிக்குள் எல்லோரும் எழுதிவிட வேண்டும், அதற்கு மேல் ராகு காலம் என்று அவரே சொல்லியும் வைத்தார். வேதா முதல் குழந்தையை மடியில் இருத்தினாள். அப்போதுதான் மகானுபாவர் எழுந்து நின்றார்.

"பெரியோர்களே, ரெண்டே வார்த்தை."

யார் கூப்பிட்டார்கள்? புதுச் சட்டை போட்டிருந்தார், பையில் நாலாக மடித்த காகிதம். ஆரம்பம் என்ற வார்த்தையில் ஆரம்பித்தார். ரோமாபுரிக்குப் போனார். பட்சிகள் பறந்தன. பெற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், இங்கிலீஷ் வாத்தியார் என்று நினைத்திருப்பார்கள். எட்டு நாற்பதுக்கு ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. வேட்டைக்காரன் இன்னும் முயலைத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு அம்மாள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மெயின்ரோட்ல கூட்டமே இல்லையாம், போன ஒடனே எழுத வெச்சு அனுப்பிடறாங்களாம்" என்று பக்கத்தில் முணுமுணுத்துவிட்டு நழுவினாள். அடுத்து பஸ் கண்டக்டர் தேவானந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்பதரைக்கு டியூட்டி. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

தட்சிணாமூர்த்தி திரும்ப எண்ணினார். "ஒம்போது" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

பத்தொன்பது வருஷத்தில் வேதா கணவனை நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குள் வாய் ஓயாது, வெளியில் வாயே திறக்க மாட்டாள். அன்றைக்கு எழுந்தாள்.

"போறும்! உட்காருங்கோ!"

"பதினாறாம் நூற்றாண்டுக்கு வந்துட்டேன் வேதா, இன்னும் கொஞ்சம்தான்..."

"பதினாறாம் நூற்றாண்டுல நீங்களே இருங்கோ. எனக்கு ஒன்பது மணி ஆகறது."

அரிசித் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தேவானந்தம் மகளை சைக்கிள் காரியரில் உட்கார வைத்து மிதிக்கப் போனார். வேதா சைக்கிளுக்குக் குறுக்கே போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஒரு நிமிஷம்ப்பா. ஒரே நிமிஷம். எழுதிட்டுப் போகட்டும்."

தேவானந்தம் காலை ஊன்றினார். வேதா தாம்பாளத்தை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் குழந்தையின் விரலைப் பிடித்தாள். அரிசி கொஞ்சம் மண்ணில் சிந்தியது. அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே 'அ' எழுதியது. சுழி பெரிசாகப் போய்த் தாம்பாளத்தின் விளிம்பில் முட்டியது. வேதா கல்கண்டு ஒன்றை அதன் வாயில் போட்டாள். திரும்பி ஓடிவந்து பாயில் உட்கார்ந்தாள். மற்ற ஒன்பது பேரும் எழுதி முடிக்கும்போது ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

தட்சிணாமூர்த்தி விடவில்லை. "ஒக்காந்து எழுதணும்னு சொன்னேன் இல்ல?"

"சைக்கிள்ல உட்கார்ந்துண்டுதானே எழுதினா? நின்னுண்டா எழுதினா?" என்றாள் வேதா.

அவர் தாடையைச் சொறிந்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "செர்தான், பத்து. ஷெட்டு உன்னுது" என்று வேட்டி பெல்ட்டிலிருந்து சாவியை அவிழ்த்தார். வேதா கையை நீட்டினாள். சாவி அவள் கையைத் தாண்டிப் போயிற்று.

"சார், புடிங்க. நீங்கதான் கரஸ்பாண்டெண்டு. வாடகைப் பத்திரம் உங்க பேர்லயே எழுதிடலாம்."

"நான் கேட்டது, நான் சேர்த்தது. என்கிட்ட கொடுங்கோ" என்றாள் வேதா.

"அது மொற இல்லமா. ஆம்பள இருக்கசொல்ல பொம்பள பேர்ல எப்டி எழுதறது?"

குழந்தைகள் கல்கண்டு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. இவர் இப்போது சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார், அதன் பூர்வீகத்தைச் சொல்லுவார், நல்ல நாள் பார்க்கலாம் என்பார், பள்ளிக்கூடம் அடுத்த விஜயதசமிக்குத்தான் திறக்கும். இந்தத் தடவை என்னென்ன சொல்லிக் கிழிப்பது என்று வேதாவின் வாயில் வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன.

கஸ்தூரிரங்கன் சாவியை வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெளுத்த முகத்தோடு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அவகிட்டயே கொடுங்கோ. என்கிட்ட இருந்தா அது பூட்டியேதான் இருக்கும்."

தட்சிணாமூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை வேதாவின் கையில் வைத்தார். வேதாவுக்கு வாயில் தயாராக நின்ற ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. தன்னைப் பற்றித் தனக்கே ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்துத்தானே இத்தனை வருஷம் திட்டித் தீர்த்தாள்? தெரிந்தேதான் இருந்திருக்கிறார். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தெருவில் குந்தி உட்கார்ந்து, மண்ணில் சிந்தின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.